பதினைந்தாம் கல்லுக்கு எத்தனை தப்படி

கல்லெண்ணி வீடு எது என்று கேட்டால் ஊரில் யாரானாலும் கை நீட்டி வழி காட்டுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். பொது நிலங்களைப் பாதுகாக்கும் துறையில் முப்பத்தாறு வருடம் காவலராக இருந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆனபிறகும், ஊருக்குக் கிழக்கே இருக்கும் முட்காட்டைச் சுற்றியுள்ள முப்பத்தொரு எல்லைக் கற்களை மாதம் ஒருமுறை எண்ணிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

காடு என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காலண்டரில் அச்சடிக்கிற அழகு அதற்குக் கிடையாது. முட்புதர், ஒரு மொட்டைக் குன்று, கோரை மண்டிய பள்ளம், கிழக்கு ஓரத்தில் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று. அவ்வளவுதான். ஆனால் கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்து நரிக்கும் மானுக்கும் முயலுக்கும் தண்ணீர் குடிக்க வேறு இடம் இல்லை. ஊற்றை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் முள்.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம்தானே என்று சொல்பவர்களிடம், எல்லாருக்கும் சொந்தமான நிலம் என்று அவர் பொறுமையாகத் திருத்துவார். "அப்ப என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடுங்க அண்ணே" என்று காட்டின் கிழக்கு எல்லையில் மரம் அறுத்து விற்கும் மரவாடிக்காரர் ஒருமுறை கேட்டார். கல்லெண்ணி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் குறித்துவைத்தார்.

அந்தப் பதிவேட்டுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. இடிபாட்டு மண்ணைத் திருட்டுத்தனமாகக் கொட்ட வரும் லாரிக்காரர்களிடம் அவர் சத்தம் போடமாட்டார். பதிவேட்டை நீட்டி, பெயர், வண்டி எண், கொட்டும் பொருள், கொட்டும் காரணம் என்று நான்கு கட்டங்களையும் நிரப்பச் சொல்வார். பேனாவும் கொடுப்பார். பெரும்பாலானவர்கள் மூன்றாவது கட்டத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். ஊர் முழுக்க அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கணவர் கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.

கல்யாணமான புதிதில் சிஸ்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தெருவில் சேர்ந்து நடக்கும்போது அவள் ஏதாவது பேச்செடுத்தால் மனிதர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பதுபோல இருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறேன், குறுக்கே பேசாதே என்று அர்த்தமாம்.

அவர் எண்ணியது தப்படி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அலுவலகத்தில் இருந்த ஒரே அளவு நாடாவை விரித்துப் பார்த்தபோது, பதினொன்றாம் மீட்டரிலிருந்து பதினாறாம் மீட்டர் வரை எலி தின்றிருந்தது. புது நாடா கேட்டு எழுதினார். அது பத்தொன்பது வருடம் கழித்து வந்தது. அதற்குள் அவர் காலே நாடாவாகிவிட்டிருந்தது. முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மாதம் பழகினாராம். அன்றிலிருந்து மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும், அவருடைய நூறு தப்படி எழுபத்தைந்து மீட்டர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஆயிரத்து நூற்று நாற்பது. கட்டிலிலிருந்து குளியலறை ஒன்பது. பிரசவ வார்டில் மகள் பிறந்தபோது வெளி வராந்தாவில் எவ்வளவு நடந்தார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதை அவர் சொல்லாமல் இருந்ததில்லை.

துறை அலுவலகத்தில் ஒருமுறை தீப்பிடித்து, காட்டின் கிழக்குப் பக்க வரைபடம் எரிந்துபோனது. பிறகு அந்தப் பக்கத்துக்கு ஒரே ஆவணம் கல்லெண்ணியின் பதிவேடு. ஒவ்வொரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே எத்தனை தப்படி என்று மணிமணியான எழுத்தில் அதில் இருந்தது. முப்பத்தாறு வருடமும் அதே எண்கள். ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. மனைவியின் பிறந்தநாளை இரண்டு தேதிகளில் மாற்றி மாற்றிச் சொல்லும் மனிதர்தான் இவர்.

போன வருடம் விழுந்தார். பாறையிலும் முள்ளிலும் நாற்பத்தைந்து வருடம் விழாதவர், குளியலறை வாசலில் கிடந்த மிதியடி வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டு உடைந்தது. உடைந்ததை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள்.

மறுபடி நடக்கப் பழக்கியது சிஸ்டர். வீட்டுக் கூடத்துத் தரையில் ஓர் அடி நீளச் சதுர டைல்ஸ். ஒன்றரை டைல்ஸுக்கு ஒன்றாக நீல நிற ஒட்டுநாடாவைக் கிழித்து, சுவரிலிருந்து சுவர் வரை கோடு கோடாக ஒட்டினாள். புது மூட்டுக்காரர்கள் அகலக் கால் வைக்கக்கூடாது. வைத்தால் மூட்டு கழன்றுகொள்ளும்.

"கோட்டுல மிதிங்க. கோட்டைத் தாண்டாதீங்க."

"இது நடையா? கோழி நடக்குது."

"கோழி விழுந்து பாத்திருக்கீங்களா?"

மூன்று மாதம் தினம் இரண்டு வேளை இந்தக் கோழி நடை. மனிதர் முணுமுணுத்தாலும் செய்யும் வேலையில் சுத்தம். நான்காம் மாதம் நாடாக் கோடுகள் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் அதே இடைவெளியில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி செய்பவர் பார்த்துவிட்டு, இவ்வளவு சீரான நடையை நான் பார்த்ததில்லை சிஸ்டர் என்றார். சிஸ்டருக்கும் உள்ளூரப் பெருமைதான். காட்டிக்கொள்ளவில்லை.

ஆறாம் மாதம் கைத்தடியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு கல் தூரம் என்று சிஸ்டர் அளவு போட்டாள். முதல் நாள் ஒன்றாம் கல்லிலிருந்து இரண்டாம் கல் வரை நடந்துவிட்டு வந்தவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னாச்சு? வலிக்குதா?"

"ரெண்டாம் கல்லை யாரோ நகத்தியிருக்காங்க. இருநூத்தி நாப்பது வரணும். நானூறு வருது."

மறுநாள் மூன்றாம் கல். நூற்றெண்பதுக்குப் பதில் முந்நூறு. அதற்கு மறுநாள் நான்காம் கல்லும் நகர்ந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு கல்லைப் பறிகொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். பதிமூன்றாம் கல்லை எட்டும்போது அவர் வாழ்க்கையே திருடு போனதுபோல இருந்தது முகம்.

துறைக்கு மனு எழுதினார். ஒரு கும்பல் பன்னிரண்டு கற்களைப் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறது, பழைய கணக்கும் புதிய கணக்கும் இணைப்பில் உள்ளன, மரவாடிக்காரர்மேல் பலத்த சந்தேகம். பதில் வராததால் இன்னொரு மனு. இப்படி நான்கு. கடைசியில் துறையிலிருந்து ஒரு குமாஸ்தா போன் செய்தார். சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, உங்க கணக்கைப் பாத்தேன். எல்லா இடத்துலயும் தூரம் கூடியிருக்கு, சரிங்களா?"

"ஆமா."

"அப்படின்னா காடு பெரிசாயிருக்குங்க. இதுல திருடன் என்னத்தைத் திருடினான்?"

கல்லெண்ணி போனை வைத்துவிட்டார். "அதைத்தானே கண்டுபிடிக்கச் சொல்றேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளும் அப்போது மேற்கொண்டு யோசிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழவருக்கு ஏதோ பிரமை, மயக்க மருந்து மூளையைக் கொஞ்சம் குழப்பியிருக்கும், போகப் போகத் தெளியும் என்று விட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில் மெய்யான ஆபத்து ஒன்று வந்தது. எட்டு வருடத்துக்கு முன் வெள்ளம் பதினைந்தாம் கல்லை அடித்துக்கொண்டு போயிருந்தது; இல்லாத அதையும் சேர்த்துத்தான் அவர் முப்பத்தொன்று எண்ணுவார். புதுக் கல் கேட்டு கல்லெண்ணி எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு கல் உயரம் வரும். யாரும் நடவில்லை. இப்போது மரவாடிக்காரர் துறைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பொது நிலம் ஊற்றுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, ஊற்று என் எல்லைக்குள் வருகிறது, சுவர் எழுப்பி உள்ளே மரம் ஊறப்போட அனுமதி வேண்டும் என்று.

பழைய வாய்க்கால் கரையோடு நேர்க்கோட்டில் போகிற எல்லை அது. பதினான்காம் கல் அசையாமல் நிற்கிறது. அங்கிருந்து பதினைந்தாம் கல் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் நானூற்று இருபது தப்படி என்று இருக்கிறது. ஊற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஊற்று எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்து அவர் எழுதவில்லை.

துறையிலிருந்து கடிதம் வந்தது. சர்வேயர் குறிப்பிட்ட நாளில் வருவார்; பதிவேட்டை எழுதியவர் பதினான்காம் கல்லிலிருந்து நடந்து காட்ட வேண்டும்; இரு தரப்பும் சம்மதித்தால் அவர் நிற்கும் இடத்தில் கல் நடப்படும்.

மரவாடிக்காரரே அந்தச் சம்மதப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். மரத்தைத் தொடாமல், தள்ளி நின்று பார்த்தே நீளம் சொல்கிற கண் அவருக்கு. டீயை உறிஞ்சியபடி பேசினார்.

"என்மேல நாலு மனு போட்டிருக்கீங்க. இருக்கட்டும். எனக்கு வருத்தமில்ல அண்ணே. டேப்பு கீப்பெல்லாம் எதுக்கு? இத்தனை வருஷம் உங்க காலுக்குக் கட்டுப்பட்ட நிலம். நீங்க நடங்க, நிக்கிற இடத்துல கல்லை நடட்டும். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

கல்லெண்ணி உருகிப்போனார். உடனே தானும் கையெழுத்துப் போட்டார். வந்தவர் போனதும், "பாத்தியா, எதிராளிக்கே என் தப்படியோட மதிப்பு தெரியுது" என்றார்.

சிஸ்டர் டீக் கோப்பையை எடுத்தாள். மனத்தில் ஏதோ இடறியது. மரவாடிக்காரர் பேசியபோதெல்லாம் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு எழுதும் மும்முரத்தில் விட்டுவைத்திருந்த பதினான்காம் கல் வரை அன்று பிற்பகல் நடந்துவிட்டு வந்த கணவரை உட்காரவைத்து, சிஸ்டர் அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். புது மூட்டுக்காரர் குனியக்கூடாது. அவர் வழக்கம்போல அன்றைய களவைச் சொன்னார்.

"பதிமூணுலேர்ந்து பதினாலு. முந்நூறு வரணும். ஐந்நூறு."

சிஸ்டர் முப்பது வருடம் டிரிப்பில் சொட்டு எண்ணியவள். பெரியவர்களுக்கு எழுதிய மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது எத்தனை பங்கு என்று மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்ப்பவள். முந்நூறுக்கு ஐந்நூறு. நூற்றெண்பதுக்கு முந்நூறு. இருநூற்று நாற்பதுக்கு நானூறு. எல்லாம் மூன்றுக்கு ஐந்து. நகவெட்டியோடு தலையைத் திருப்பிக் கூடத்துத் தரையைப் பார்த்தாள். நீல நாடாக் கோடுகள் பாதி தேய்ந்து வரிசையாகக் கிடந்தன. ஒன்றரை டைல்ஸுக்கு ஒன்று.

"ஏங்க, உங்க பழைய தப்படி எவ்வளவு?"

"முக்கால் மீட்டர். உனக்குத் தெரியாதா?"

"டைல்ஸ் கணக்குல ரெண்டரை. இப்ப நீங்க வைக்கிறது ஒண்ணரை. கல்லை யாரும் நகத்தல. நான்தான் உங்க காலை நகத்தியிருக்கேன்."

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நல்லவேளை, நகவெட்டி சதையில் படவில்லை.

"என் தப்படி மாறல."

"சரி, நடங்க. கோட்டைப் பாக்காதீங்க, என்னைப் பாத்து நடங்க."

நடந்தார். ஒவ்வொரு காலும் போய்க் கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவரை எட்டியதும் கீழே பார்த்தார்.

"டைல்ஸ் சின்னது" என்றார்.

"டைல்ஸ் சின்னதா போட்டதுக்கும் மரவாடிக்காரர்தான் காரணமா?"

"போதும் சிஸ்டர்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. சிஸ்டர் அதற்குக் கவலைப்படவில்லை. பேசாத நோயாளியைவிடச் சாப்பிடாத நோயாளிதான் தொல்லை, இவர் சாப்பிட்டார். அவள் கவலை வேறு. இந்தக் கோழி நடையில் நானூற்று இருபது வைத்தால் நூற்று எண்பத்தொன்பது மீட்டர்தான் வரும். ஊற்று இருநூற்று அறுபது மீட்டரில் இருக்கிறது. இவர் தன் காலாலேயே நடந்துபோய், சர்வேயர் முன்னால் நின்று, ஊற்றை மரவாடிக்குத் தாரை வார்த்துவிட்டு வருவார். கையெழுத்தும் போட்டாயிற்று. மரவாடிக்காரரின் அந்தக் கண்ணுக்கு இது என்றைக்கோ தெரிந்திருக்கிறது. கைத்தடியோடு அவர் கல் கல்லாக எண்ணிக்கொண்டு போனதை மரவாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சர்வேயரிடம் அவளே போய்ச் சொல்லலாம். ஆனால் என் வீட்டுக்காரர் கால் சரியில்லை, அவர் சொல்வதைக் கேட்காதீர்கள் என்று ஊர் முன்னால் சொன்னால், மனிதர் அன்றே கட்டிலில் படுத்துவிடுவார். பிறகு எழுப்புவது கஷ்டம். அந்த மாதிரி படுத்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவரே சொன்னால்தான் உண்டு. அவரோ டைல்ஸ் சின்னது என்கிறார்.

மூன்றாம் நாள் காலை, சமையலறையில் இருந்தவளுக்குக் கூடத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கணவர் இரண்டரை டைல்ஸ் தூரத்துக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. முன் கால் டைல்ஸில் ஊன்றியது, பின் கால் வர மறுத்தது. அந்தரத்தில் நின்றார்.

சிஸ்டர் ஓடவில்லை. ஓடினால் பயந்து விழுவார். நிதானமாக நடந்து வந்து இடுப்பைப் பிடித்து, பின் காலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எத்தனை தப்படி இப்படி வைக்கிறதா உத்தேசம்? நானூத்தி இருபதுமா?"

"பழகினா வரும்."

"நாலாவதுல மூட்டு கழண்டுடும். அங்கயே விழுவீங்க. கையெழுத்துப் போட்டபடி நீங்க விழுந்த இடத்துலயே கல்லை நட்டுட்டுப் போவாங்க. நாலு தப்படி பொது நிலம் மிஞ்சும். அதுல நரி ஒரு காலை வச்சு நிக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"தப்படி இல்லேன்னா நான் யாரு? சும்மா ஒரு கிழவன், கல்லைப் பாத்துட்டு வர்றவன்" என்றார்.

சிஸ்டருக்குச் சமாதானம் சொல்லும் பழக்கம் இல்லை. "கிழவன்தான். எழுபது ஆகப்போகுதே. ஊத்து வேணுமா, கால் வேணுமான்னு யோசிங்க. முட்டை ஆறுது, வாங்க" என்றாள்.

சர்வேயர் வரும் நாளில் வெயில் கடுமையாக இருந்தது. வந்தவர் நாற்பது வயதுப் பெண். வெயிலுக்கு அகலத் தொப்பி, கையில் தடித்த கோப்பு. கூட ஒரு கொத்தனார், கல்லோடும் சிமெண்டோடும். வேடிக்கை பார்க்க ஊரில் ஏழெட்டுப் பேர். மரவாடிக்காரர் சலவைச் சட்டையில் வந்து, சிஸ்டருக்கு வணக்கம் வைத்தார். சிஸ்டர் அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் கண் வழக்கம்போலக் கீழே போயிற்று.

கல்லெண்ணி பதினான்காம் கல்மேல் கை வைத்துவிட்டு, நடக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மரவாடிக்காரரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். சிஸ்டர் பின்னால் இருந்தாள். அவள் எதையும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அந்த முடிவை முப்பதாவது தப்படி வரை காப்பாற்றுவதே பெரும் பாடாக இருந்தது.

முப்பத்தொன்றில் அவர் நின்றார். ஒற்றை விரலைத் தூக்கினார்.

"என்னண்ணே, கால் வலிக்குதா? மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றார் மரவாடிக்காரர்.

கல்லெண்ணி திரும்பிச் சர்வேயரைப் பார்த்தார். "அம்மா, இந்த நடை பதிவேட்டுல இருக்கிற நடை இல்ல."

"பதிவேட்டை எழுதினது நீங்கதானே ஐயா?"

"எழுதினது நான். இப்ப நடக்கிறது இவ பழக்கிவிட்ட நடை." கைத்தடியால் மனைவியைக் காட்டினார். "இடுப்பு மாத்தினப்புறம் என் தப்படி சுருங்கிப்போச்சு. இதை வச்சு அளந்தா தப்பா வரும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மரவாடிக்காரர் சிரிக்கவில்லை.

"அதெப்படிங்க? நீங்க நடக்கிறதுக்குக் கட்டுப்படறேன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கோம். நடந்துட்டுப் பாதியில மாத்திப் பேசறதா? சுருங்கிச்சுன்னு இவர் வாயால சொன்னா போதுமா? எவ்வளவு சுருங்கிச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு நானும் என் மரம் சுருங்கிச்சும்பேன்."

சர்வேயருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "ஆதாரம் வேணும் ஐயா. பழைய தப்படி எவ்வளவு, புதுசு எவ்வளவு, ரெண்டுக்கும் எழுத்துல ஏதாவது இருந்தாத்தான் நான் டேப்பைத் தொட முடியும்" என்றார்.

சிஸ்டர் கணவரின் காதோரம் சிவப்பதைப் பார்த்தாள். எழுத்தில் இருப்பது எது என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அவளுக்கு முன்னாலேயே உறைத்திருந்தது. அதனால்தான் சிவப்பு.

"உங்க கோப்புல என் மனு நாலும் இருக்காம்மா?"

சர்வேயர் புரட்டினார். "இருக்கு. கல்லைத் திருடிட்டாங்கன்னு எழுதினது."

"அதுல இணைப்பு இருக்கும். பன்னெண்டு இடைவெளிக்கும் பழைய எண், புது எண். எல்லாம் போன மாசம் இந்தக் காலால நடந்தது. அந்தப் பதிமூணு கல்லும் இன்னும் நிக்குது. டேப்பைப் போட்டுப் பாத்துக்குங்க."

சர்வேயர் கோப்பின்மேலேயே கணக்குப் போட்டார். ஒரு வரி, இரண்டு வரி, பிறகு எல்லா வரியும். "மூணுக்கு அஞ்சு" என்றார் மெதுவாக. "பன்னெண்டுலயும் அதேதான். ஒண்ணு ரெண்டு முன்னே பின்னே." தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார். "ஆனா ஐயா, இதை நான் ஆதாரமா எடுத்துக்கணும்னா, கல்லு நகரலன்னு நீங்க ஒத்துக்கணும். மனுவுல எழுதினது தப்புன்னு வாக்குமூலம் வேணும். சாட்சிங்க முன்னால."

"எழுதிக்குங்க."

"நீங்க சொல்லச் சொல்லத்தான் எழுதணும்."

நாற்பத்தைந்து வருடத்தில் தன் எண் தப்பு என்று ஒருமுறைகூடச் சொல்லாத மனிதர், கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டார். ஊர் முன்னால், நோட்டீஸ் படிப்பவர்போல ஒரே குரலில் சொன்னார். கல் எதுவும் நகரவில்லை. நகர்ந்தது தன் கால். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு மனு எழுதியது தன் தவறு.

"அப்ப பன்னெண்டு கல்லையும் நான் பிடுங்கல?" என்றார் மரவாடிக்காரர்.

"பிடுங்கல."

"அவங்களுக்குக் கேக்கட்டும்."

"பிடுங்கல" என்று சத்தமாகச் சொன்னார் கல்லெண்ணி. "அந்த ஊத்தை மட்டும்தான் பிடுங்கப் பாத்தீங்க."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. மரவாடிக்காரருக்கே உதடு கோணியது.

டேப் வந்தது. பதிமூன்றாம் கல்லிலிருந்து பதினான்காம் கல் வரை இருநூற்று இருபத்தைந்து மீட்டர். பதிவேட்டில் முந்நூறு தப்படி. ஒரு தப்படிக்கு முக்கால் மீட்டர், மயிரிழை பிசகில்லை. இன்னும் மூன்று இடைவெளிகளை அளந்து பார்த்தார் சர்வேயர். எல்லாம் அப்படியே. பிறகு பதினான்காம் கல்லிலிருந்து வாய்க்கால் கரையோடு முந்நூற்றுப் பதினைந்து மீட்டர் டேப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். ஊற்றைத் தாண்டினார்கள். கோரையைத் தாண்டினார்கள். டேப் போய் முடிந்த இடம் மரவாடியின் மரத்தூள் குவியலுக்கு நட்டநடுவே.

"தூள் எடுக்க ரெண்டு நாள் குடுங்க" என்றார் மரவாடிக்காரர், காய்ந்த குரலில்.

"கல் நடற அளவுக்கு இப்ப எடுத்தா போதும். மிச்சத்துக்கு நோட்டீஸ் வரும்" என்றார் சர்வேயர்.

கொத்தனார் தூளை ஒதுக்கிக் குழி தோண்டிக் கல்லை நிறுத்தி, கான்கிரீட் போட்டார். அது இறுகும்வரை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு வந்து உரசிச் சாய்த்துவிடும் என்றார். நான் நிற்கிறேன் என்று கல்லெண்ணி சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டர் அவர் கணுக்காலைப் பார்த்துவிட்டாள். வீங்கியிருந்தது.

"நின்னது போதும். உக்காருங்க."

"எங்க உக்கார?"

மரவாடிக்காரர் உள்ளே போய்த் தன் ஆபீஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுக் கல் அருகே வந்ததும் நின்றார்.

"எந்தப் பக்கம் போடட்டும் அண்ணே? அந்தப் பக்கம் போட்டா பொது நிலத்துல நாற்காலி போட்டான்னு அஞ்சாவது மனு எழுதுவீங்க. என் பக்கம் போடலாம்னா தூள் முட்டி உயரத்துக்கு இருக்கு."

கல்லெண்ணி அதை யோசித்தார். கேலிக்குச் சொன்னது என்று அவருக்குப் படவே இல்லை. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வேயர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஒரு மணி நேரத்துக்குத் தற்காலிக அனுமதி. இந்தப் பக்கமே போடுங்க" என்றார்.

"எழுத்துல குடுங்கம்மா" என்றார் கல்லெண்ணி.

சர்வேயர் தலையை நிமிர்த்தினார். முகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாற்காலி ஒன்று, நேரம் ஒரு மணி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவர் அதை முழுதாகப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபிறகுதான் உட்கார்ந்தார்.

சிஸ்டர் மரவாடிப் பக்கத்திலிருந்து ஒரு கட்டையை இழுத்து வந்து முன்னால் போட்டு, வீங்கிய காலை அதன்மேல் தூக்கி வைத்தாள். அனுமதியில் கட்டை இல்லை என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.